தரைக்கு மேலே ஒரு முழம்

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள ஸ்ரீ கெம்பாங்கான், மனிதரைக் காட்டிலிருந்து பிரித்து வைப்பதற்காக உருவாக்கப்பட்ட ஊர். 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் கெரில்லாப் படைக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் போர் மூண்டபோது, காட்டோரங்களில் குடியிருந்த மக்களே கெரில்லாக்களுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் கொடுத்து வருகிறார்கள் என்று கருதிய ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ், 1950இல் ஒரு மீள்குடியேற்றத் திட்டத்தை வகுத்தார். அதன்படி சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்கம்பி வேலியும் காவல் வாயிலும் ஊரடங்கும் கொண்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். அவற்றுள் ஒன்றான செர்டாங் புதுக்கிராமமே பின்னாளில் ஸ்ரீ கெம்பாங்கான் ஆயிற்று. பழைய ஆட்கள் இன்னும் அதைச் செர்டாங் என்றே சொல்கிறார்கள். ரப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கவில்லை. தொலைவில் சிதறிக் கிடந்த லயங்கள், அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள், ஒரே வேலிக்குள் சேர்க்கப்பட்டன. விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் வாயிலில் சோதிக்கப்பட்டார்கள். உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் மதியத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போவதுகூடக் குற்றமாயிற்று, ஏனெனில் வேலியைத் தாண்டும் ஒவ்வொரு பிடிச் சோறும் காட்டுக்குள் இருப்பவரின் வயிற்றுக்குப் போகும் என்று அரசு அஞ்சியது. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது.

அதே ஊரிலிருந்து இன்று சனிக்கிழமை மதியத்தில் இளைஞர்கள் முதுகுப்பையில் அரிசியும் சம்பலும் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும் உலு லங்காட் காடுகளுக்குப் போகிறார்கள். இரண்டு மரங்களுக்கு இடையில் துணியைக் கட்டி, அதில் படுத்து, ஞாயிறு காலை திரும்புகிறார்கள். ஹேமக் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இந்தத் தொங்குபடுக்கையைக் கொண்டு குறைந்த செலவில் காட்டில் ஓர் இரவு தங்குவது எப்படி என்பது, பொழுதுபோக்குப் பக்கங்களுக்கு உரிய சிறு விஷயமாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை அது அவ்வளவு சிறியதில்லை. காட்டை வெட்டிக் கித்தா எனப்படும் ரப்பர்த் தோட்டம் போட்டதும், 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியரின் சயாம்–பர்மா ரயில் பாதைக்காகக் காட்டுக்குள் கொண்டு செல்லப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் மடிந்ததும், அவசரகாலத்தில் இரு துப்பாக்கிகளுக்கு நடுவே நின்றதும், இந்தச் சமூகத்தின் நினைவில் காட்டை உழைப்பின் இடமாகவும் அச்சத்தின் இடமாகவும் பதித்துவிட்டன. பின்னர் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, பூச்சோங், கின்ராரா வட்டாரங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறின. அங்கே பிறந்த தலைமுறைக்குக் காடு என்பது நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் பச்சைக் கோடு. எந்த முதலாளியும் அனுப்பாமல், எந்த அரசும் விரட்டாமல், தானாக விரும்பிக் காட்டில் உறங்கும் உரிமை இச்சமூகத்துக்கு வரலாற்றில் மிகத் தாமதமாகக் கிடைத்த ஒன்று. அதைக் காசில்லாத காரணத்தால் கைவிட வேண்டியதில்லை என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

காசைப் பற்றிய கவலை பொய்யானதும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் முகாமிடுதல் பெரும் மோகமாக வளர்ந்து, பெரிய கூடாரம், மடக்கு நாற்காலி, மின்விசிறி, குளிர்பெட்டி என்று ஒரு சிறு வீட்டையே காரில் ஏற்றிச் செல்லும் வழக்கமாக மாறியது. 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் கட்டும் ஒருவருக்கு அத்தகைய முகாம் எட்டாது. தொங்குபடுக்கை எட்டும். துணி, இரண்டு வார்கள், ஒரு தார்ப்பாய், ஒரு கொசுவலை ஆகிய நான்கும் சேர்ந்து சுமார் 150 முதல் 200 ரிங்கிட்டுக்குள் அடங்கும். நான்கும் ஒரு தோள்பையில் நுழையும். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் கட்டிவிடலாம்.

தொங்கும் துணியில் உறங்குவது தமிழ்க் குடும்பத்துக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கலையும் இல்லை. தோட்டங்களில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. தாய்மார் விடியுமுன் பால்வெட்டும் மர நிரைக்குப் போனபின் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காகத் தோட்ட நிர்வாகம் அமைத்த குழந்தைக் காப்பகம் அது. வயதான ஒரு பெண், பெரும்பாலும் பால்வெட்டும் வலு குறைந்தவர், ஆயாவாக அமர்த்தப்பட்டிருப்பார். உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் பழைய சேலைத் தூளிகளே அதன் தளவாடம். ஐந்தரை மீட்டர்ச் சேலையை எத்தனை மடிப்பாகப் போட்டால் எந்த வயதுக் குழந்தையின் கனத்தைத் தாங்கும், முடிச்சு உத்தரத்தில் உராய்ந்து நைந்துபோகாமல் எப்படிச் சுற்ற வேண்டும், குழந்தை புரண்டாலும் விழாதபடி துணியின் விளிம்பை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் அந்த ஆயாக்களுக்குக் கைப்பழக்கம். எந்தக் கையேட்டிலும் எழுதப்படாத அந்த அறிவுக்கும், இன்று மலையேறிகள் கோணமானி வைத்து விளக்கும் அறிவுக்கும் அடிப்படை ஒன்றே. வேறுபாடு ஓரிடத்தில்தான் இருக்கிறது. குழந்தைக்கு உடல் வளைந்து சுருண்டு கிடப்பது சுகம். வளர்ந்தவரின் முதுகெலும்பு அப்படிக் கிடந்தால் விடிவதற்குள் வலிக்கத் தொடங்கும். ஆகவே பெரியவர் தொங்குபடுக்கையில் நீளவாக்கில் படுக்கலாகாது. தலையை ஒரு புறமும் காலை எதிர்ப்புறமுமாக வைத்துக் குறுக்குச் சாய்வாகப் படுக்க வேண்டும். அப்போது துணி விரிந்து உடல் ஏறக்குறைய மட்டமாகிவிடும். தொங்குபடுக்கை தமக்கு ஒத்துவராது என்று முதல் இரவிலேயே கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒன்றை அறியாதவர்கள்.

பெரியவருக்கான தொங்குபடுக்கைக்கு வேறொரு வரலாறும் உண்டு. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் பருத்தியில் பின்னிய தொங்குபடுக்கைகளில் உறங்குவதை 1492இல் கொலம்பஸின் கப்பலில் வந்தவர்கள் கண்டார்கள். அங்கிருந்து அது ஐரோப்பாவுக்குப் போய், 1597 வாக்கில் ஆங்கிலேயக் கடற்படை மாலுமிகளின் படுக்கையாயிற்று. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுக் காடுகளுக்காக அமெரிக்க இராணுவம், மேலே நீர்புகாக் கூரையும் பக்கங்களில் வலையும் தைத்த காட்டுப் படுக்கையை உருவாக்கியது. இன்று இணையக் கடைகளில் கிடைக்கும் வலையோடு கூடிய படுக்கைகள் அந்தப் போர்க்கால வடிவத்தின் வழிவந்தவை. இந்த வரலாற்றில் மலாயாக் காட்டுக்கு நேரடியாகப் பயன்படும் பாடம் ஒன்றே: ஈரமான வெப்பக் காட்டில் தரையில் படுப்பது எல்லா வகையிலும் தவறான தேர்வு.

தரையின் கேட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கூடாரமே பாதுகாப்பு என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரச் சரிவுகளில் கூடாரம் விரிக்கத்தக்க சமதளம் அரிது. கிடைத்தாலும் அது வேர்களால் மேடுபள்ளமாகவோ மழைநீர் தேங்கும் பள்ளமாகவோ இருக்கும். சிலாங்கூரின் உயர்ந்த சிகரங்களில் ஒன்றான 1,493 மீட்டர் நுவாங் மலைக்குப் பங்சுன் வழியாக ஏறுகிறவர்கள் தங்கும் இடங்களில் ஒன்றுக்கு மலாய்க்காரர்கள் இட்ட பெயர் கெம் பாச்சாட். அட்டை முகாம் என்று பொருள். அட்டைகூட இரத்தம் குடித்துவிட்டு விழுந்துவிடும். அதனினும் சிறியதோர் உயிரியே கவலைக்குரியது. உதிர்ந்த இலைகளிலும் லாலாங் புல்லிலும் வாழும் நுண்ணுண்ணிகளின் இளம்பருவம் கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக்காய்ச்சல் பரவுகிறது. மலாயாவில் தோட்டத் தொழிலாளரையும் படைவீரரையும் அது பெரிதும் வாட்டியது. கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்நோயை ஆராய்ந்த முன்னோடி நிலையங்களில் ஒன்று. 1948இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் வந்த அமெரிக்கக் குழு, குளோரம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அந்நோயைக் குணப்படுத்துகிறது என்பதைக் கோலாலம்பூரில்தான் மெய்ப்பித்தது. மருந்து வந்துவிட்டது, உண்ணி இன்னும் அதே இலைச்சருகில் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு முழம், அதாவது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், உயர்ந்து தொங்கும் படுக்கை, தூங்கும் உடலை அந்தச் சருகிலிருந்து பிரித்துவிடுகிறது. நாற்காலியின் உயரமும் அதுவே. அதற்கு மேல் கட்டினால் விழும்போது அடிபடும், அதற்குக் கீழே கட்டினால் துணி தளர்ந்து இடுப்பு நிலத்தைத் தொடும்.

உயரத்துக்கு அடுத்து அறிய வேண்டியது கட்டும் கோணம். படுக்கையைக் கம்பிபோல் இழுத்துக் கட்டினால் மட்டமாக இருக்கும் என்று புதிதாகத் தொடங்குவோர் நினைக்கிறார்கள்; நடப்பது அதற்கு நேர்மாறு. வார் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் படுக்கும்போது ஒவ்வொரு வாரிலும் 70 கிலோ அளவுக்கு இழுவை ஏற்படும். சாய்வு 10 பாகையாகக் குறைந்தால் அந்த இழுவை ஏறத்தாழ 200 கிலோவாகவும், 5 பாகையானால் 400 கிலோவாகவும் உயர்ந்துவிடும். இறுக்கிக் கட்டுகிறவர் தம் எடையைப் பல மடங்காக்கி மரத்தின் மீதும் முடிச்சின் மீதும் சுமத்துகிறார். மலிவான கொக்கி முறிவதும், வார் அறுவதும், மெலிந்த மரம் வளைவதும் அதனால்தான். கையை நீட்டிக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்தால் இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் சாய்வு, சுட்டுவிரல் கிடையாக இருக்கையில், ஏறத்தாழ 30 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக அமையும். வாரின் சாய்வை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இன்னும் திருத்தமாக வேண்டுமானால், படுக்கையின் இரு முனைகளையும் அதன் நீளத்தில் 83 விழுக்காடு நீளமுள்ள உறுதியான மெல்லிய கயிற்றால் இணைத்துவிடலாம். மூன்று மீட்டர்ப் படுக்கைக்கு இரண்டரை மீட்டர்க் கயிறு. முகட்டுக் கயிறு எனத்தக்க இது எந்த மரத்தில் கட்டினாலும் படுக்கையின் தொய்வை ஒரே அளவில் வைத்திருக்கும். கொசுவலையைத் தொங்கவிடவும் அதுவே உதவும்.

சிக்கனம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதில் தெளிவு வேண்டும். துணியில் சிக்கனம் செல்லும். பாராசூட் துணி என்று வழங்கும் நைலானோ பாலியெஸ்டரோ எதுவாயினும், நீளம் மூன்று மீட்டருக்குக் குறையாமலும் அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேலும் இருந்தால் போதும். விலை கூடிய வகைகள் எடையில் இலேசாக இருக்கும் என்பதைத் தவிர உறக்கத்தில் பெரிய வேறுபாடு தருவதில்லை. கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலோ கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலோ துணி எடுத்து, இரு முனைகளிலும் கயிறு நுழையும் மடிப்பை இரட்டைத் தையலாகப் போட்டுக்கொண்டால் கடைப்படுக்கையின் விலையிலும் பாதி மிஞ்சும். பழைய சேலையைப் பெரியவர் படுக்கையாக்குவது மட்டும் கூடாது. பலமுறை துவைத்து நைந்த நூல் எப்போது கிழியும் என்று சொல்ல முடியாது. கீழே விரிக்கும் பாயிலும் சிக்கனம் செல்லும்: முதுகின் கீழ்த் துணி அழுந்துவதாலும் அடியில் காற்று ஓடுவதாலும் நள்ளிரவுக்கு மேல் முதுகு சில்லிடும் என்பது உண்மைதான் என்றாலும், இரவு வெப்பம் வழக்கமாக 23, 24 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும் தாழ்நிலக் காட்டில் யோகப் பயிற்சிக்குப் பயன்படும் நுரைப்பாய் ஒன்றே போதுமானது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறும்போது ஒரு தடித்த போர்வையும் வேண்டும்.

வாரிலும் கொக்கியிலும் சிக்கனம் செல்லாது. சாவிக்கொத்துக்கு மாட்டும் அலுமினியக் கொக்கிகள் ஒன்றிரண்டு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அவை மனிதரைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. தாங்கும் எடை பொறிக்கப்பட்ட எஃகுக் கொக்கியை ஹார்ட்வேர் கடையில் வாங்கலாம், அல்லது கொக்கியே இல்லாமல் முடிச்சால் சமாளிக்கலாம். லோரியில் சாமான் கட்டுகிறவர்கள் போடும் இழுமுடிச்சையும், சுமை ஏறினாலும் இறுகிப் பூட்டிக்கொள்ளாத கண்ணி முடிச்சு ஒன்றையும் கற்றுக்கொண்டவருக்கு அந்தச் செலவு மிச்சம். கற்றபின், படுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் துணியின் நடுவில் இரு கைகளாலும் அழுத்தி, பிறகு மெல்ல உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றியிருக்கும்போதே சற்று நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும். கல்லுக்கும் முளைக்கும் மேலாக ஒருபோதும் கட்டலாகாது.

மரத்தைப் பற்றிய பகுதியில்தான் இந்தச் சமூகத்தின் பழைய அறிவு மீண்டும் பயன்படுகிறது. பால்வெட்டு என்பது மரப்பட்டையை அறிந்த தொழில். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் வளர்திசு என்ற மெல்லிய உயிர்ப்படலமே மரத்தைப் பருக்க வைப்பதும் புதுப்பட்டையை உண்டாக்குவதும். வெட்டுக்கத்தி அந்தப் படலத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் தூரத்தில் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஆழ்ந்தால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பல ஆண்டுகளுக்கு வெட்ட முடியாதபடி கெட்டுவிடும். இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், அந்த ஒன்றரை மில்லிமீட்டரை விரலால் உணர்ந்து வேலை செய்த பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள், மெல்லிய நைலான் கயிற்றை மரத்தில் சுற்றி அதன்மேல் தம் முழு எடையையும் போடுவது பொருத்தமான செயல் இல்லை. மெல்லிய கயிறு பட்டையை அறுத்து அதே உயிர்ப்படலத்தை நசுக்கிவிடும். குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள, நீளாத பாலியெஸ்டர் வாரையே மரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆனால் இன்னும் நல்லது. ஆணி அடிப்பதும், வசதிக்காக இளமரங்களை வெட்டுவதும் எந்த நியாயத்திலும் சேரா.

எந்த மரம் என்பதும் தீர யோசிக்க வேண்டியது. நான்கு முதல் ஐந்து மீட்டர் இடைவெளியில் நிற்கும், அடிமரம் இரு கைகளின் விரல்களும் கூடித் தொடமுடியாத பருமன் கொண்ட, பச்சையாய் உயிரோடிருக்கும் இரண்டு மரங்கள் வேண்டும். கட்டும் முன் தலையை நிமிர்த்தி உச்சியைப் பார்க்க வேண்டும்: பட்ட கிளைகள் தொங்குகின்றனவா, பெருந்தேனீக்களின் கூடு இருக்கிறதா, பக்கத்து மரம் செத்து நிற்கிறதா என்பவற்றைக் கவனிக்காமல் கட்டியவர்களுக்கு ஆபத்து மேலிருந்தே வரும். கைவிடப்பட்ட கித்தாத் தோட்டத்தின் ஒழுங்கான வரிசைகள் படுக்கை கட்ட அழைப்பது போலத் தோன்றும். ஆனால் ரப்பர் மரம் காற்றில் ஒடியக்கூடியது, இனவகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றைத் தாங்கும் திறனையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தோட்டக்காரர்கள் அதை அறிந்திருந்தார்கள். டுரியான் மரத்தடியில் பழக்காலத்தில் படுக்கவே கூடாது. பழுத்த டுரியான் பெரும்பாலும் இரவிலும் விடியலிலுமே உதிர்கிறது. ரெங்காஸ் என்ற மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகும். கரும்பிசின் வழிந்து காய்ந்த தடம் தெரியும் எந்த மரத்தையும் அறியாதவர் தொடாமல் விடுவது நல்லது.

மழையைப் பற்றிச் சொல்லாமல் கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்த இரவைப் பற்றியும் பேச முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெறும் இந்த நிலத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அன்றாட நிகழ்ச்சி. அதனினும் முகாமில் இருப்பவரைத் திகைக்க வைப்பது சுமத்ரா என்று வானிலையாளர் அழைக்கும் புயல்வரிசை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, மலாக்கா நீரிணைக்கு அப்பால் உருவாகி, விடியலுக்கு முந்தைய மணிகளில் மேற்குக் கரையைத் தாக்கும் அந்தக் காற்றும் மழையும், நள்ளிரவு வரை நட்சத்திரம் தெரிந்த வானத்தை நம்பித் தார்ப்பாயைச் சுருட்டி வைத்தவரை நனைத்துவிடும். எனவே வானம் எப்படி இருந்தாலும் தார்ப்பாயை முதலில் கட்டி, பிறகே படுக்கையைக் கட்ட வேண்டும். மூன்றுக்கு மூன்று மீட்டர்ச் சதுரத் தார்ப்பாயை மூலைவிட்டமாக, ஒரு மூலை தலைமாட்டிலும் எதிர்மூலை கால்மாட்டிலும் வருமாறு விரித்தால் படுக்கையின் முழு நீளத்தையும் மூடும். காற்று வீசும் பக்கத்தைத் தாழ்த்தி முளையில் இழுத்துக் கட்ட வேண்டும். மரத்தில் வழியும் நீர் வாரைப் பிடித்துக்கொண்டு படுக்கைக்கே வந்து சேரும் என்பதைப் பலர் முதல் மழையில்தான் அறிகிறார்கள்; தார்ப்பாயின் நிழலுக்குள் வாரில் ஒரு முழம் பருத்தித் திரியைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அந்தத் திரி வழியே சொட்டிவிடும். அதே திரியில் பூச்சிவிரட்டியைத் தடவி வைத்தால் எறும்பும் அந்த வழியாக ஏறத் தயங்கும். இடி முழங்கும்போது தனித்து உயர்ந்த மரத்திலும் மலைமுகட்டிலும் கட்டுவது உயிரோடு விளையாடுவது.

கொசுவலையை இங்கு தவிர்க்கவே இயலாது. மனித மலேரியா மலேசியாவில் 2018 முதல் உள்நாட்டில் பரவவில்லை என்று அறிவிக்கப்பட்டது பெரிய சாதனை. ஆயினும் குரங்குகளிடமிருந்து அனாஃபிலிஸ் கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் நோலசி என்ற மலேரியா வகை தொடர்கிறது. அது மனிதருக்கு இயற்கையாகத் தொற்றியது முதன்முதலில் அறியப்பட்டது 1965இல், பகாங் காடுகளில் பணியாற்றித் திரும்பிய ஓர் அமெரிக்க நில அளவையாளரிடம். அரிய விபத்து என்று நெடுங்காலம் கருதப்பட்ட அதை, சரவாக்கின் கப்பிட் வட்டாரத்தில் பரவலாக நிகழ்வதென்று பல்பீர் சிங் தலைமையிலான மலேசிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். நீள்வால் குரங்கும் பன்றிவால் குரங்கும் உலவும் சிலாங்கூர்க் காடுகளில் அந்தி முதல் விடியல் வரை வலைக்குள் இருப்பதும், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தோய்த்த உடை அணிவதும், திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் காட்டில் தங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்வதும் கட்டாயம். மெல்லிய துணியின் அடிப்புறத்தைத் துளைத்தும் கொசு கடிக்கும். அடியில் இருக்கும் நுரைப்பாய் அதையும் தடுக்கும்.

இத்தனையும் கையில் இருந்தாலும் தவறான இடத்தில் கட்டினால் எதுவும் காப்பாற்றாது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஒரு பண்ணை முகாமின் மீது மலைச்சரிவு இடிந்து விழுந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர், சிறுவர்கள் உட்பட, உயிரிழந்தார்கள். முகாம் நடத்த உரிமம் இல்லாத இடம் அது. ஒரு குடும்பம் தங்கும் முன் அந்த இடத்தின் உரிமத்தைக் கேட்பது முகச்சுளிப்புக்குரிய செயல் என்று இனியும் நினைக்கக் கூடாது. வெட்டிய சரிவின் கீழும், மேலே சாலை செல்லும் மேட்டின் அடியிலும் படுக்க வேண்டாம். ஆற்றங்கரையிலும் அவ்வாறே: மலாயில் கெப்பாலா ஆயர் எனப்படும் திடீர் வெள்ளம், இருக்கும் இடத்தில் துளி மழை இல்லாதபோதும், மேல்மலையில் பெய்த மழையால் நிமிடங்களில் சுவர்போல் வந்துவிடும். தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் அதன் அறிகுறிகள். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம், 47ஆம் பிரிவில், நிரந்தரக் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடை செய்கிறது. மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெறுவது செலவைக் காட்டிலும் பொறுமையைக் கேட்கும் வேலை. அந்த அனுமதியோடு ஒருவரின் பெயரும் போன இடமும் பதிவாகின்றன. ஒருவர் திரும்பி வராதபோது தேடுகிறவர்களுக்கு அதுவே முதல் தகவல்.

ஸ்ரீ கெம்பாங்கானின் தோளிலேயே ஒரு காடு இருக்கிறது. ஆயர் ஹீத்தாம் காப்புக்காடு 1906இல் அறிவிக்கப்பட்டபோது நான்காயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. பூச்சோங்கும் செர்டாங்கும் வளர வளரச் சுருங்கி இன்று 1,200 ஹெக்டேர் அளவில் நிற்கிறது. 1931இல் செர்டாங்கில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி இன்று புத்ரா மலேசியா பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள நிறுவனம், கல்விக்கும் ஆய்வுக்கும் உரியதாக அதை நீண்டகாலக் குத்தகையில் காத்து வருகிறது. நான்கு புறமும் வீடுகளால் சூழப்பட்ட அந்தக் காட்டில் எவரும் போய்ப் படுக்கை கட்டிவிட முடியாது, கட்டவும் கூடாது. அது எஞ்சியிருப்பதே அந்தக் கட்டுப்பாட்டால்தான். தொடங்குகிறவர்களுக்கு உலு லங்காட்டின் சுங்கை சொங்காக், சுங்கை தெக்காலா பொழுதுபோக்கு வனங்களே பொருத்தம். சிறு கட்டணம், கழிவறை, பக்கத்தில் ஆட்கள், திரும்பி வர எளிய சாலை. முதலில் ஒரு பகல் முழுதும் அங்கே படுக்கையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகப் பழகி, ஒரு மழையைத் தார்ப்பாயின் அடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதன் பின்னரே இரவு தங்குவதற்கான அனுமதியைப் பற்றி எண்ணுவது முறை. நுவாங் மலையை இரண்டாம் ஆண்டுக்கு விட்டுவைக்கலாம்.

பெண்பிள்ளைகள் வெளியில் இரவு தங்குவதா என்ற தயக்கம் தமிழ் வீடுகளில் இன்னும் வலுவாக இருக்கிறது. 1892 முதல் பத்துமலையில் நடந்து வரும் தைப்பூசத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பாய் விரித்துத் திறந்த வெளியில் இரவைக் கழித்த சமூகம்தான் இது. கூட்டமாகவும் ஒழுங்காகவும் அமைந்தால் வெளியிரவை அது ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படுக்கையும் தனி வலையும் இருப்பதால், ஒரே கூடாரத்தில் நெருங்கிப் படுக்கும் சங்கடம் இதில் எழுவதில்லை. அண்ணன் தங்கையும், அம்மாவும் அத்தையும், அக்கம்பக்கத்துத் தோழிகளும் சேர்ந்து போகும் ஏற்பாட்டுக்கு இது இயல்பாகவே இடம் தருகிறது. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் காட்டைத் திறந்துவிட்டுப் பெண்பிள்ளைகளை அடுக்குமாடியில் வைத்திருப்பது, பால்வெட்டிய பெண்கள் எந்நாளும் இருட்டிலேயே வேலைக்குப் போனவர்கள் என்பதை மறப்பதாகும்.

எஞ்சியிருப்பது அந்த 150, 200 ரிங்கிட் செலவு. மாதக் கடைசியில் அதுவும் பல வீடுகளுக்குப் பெருந்தொகை. ஒரே ஓர் இரவு தங்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடக்கூடியவர்கள் அதைச் செலவழிக்கத் தயங்குவதும் நியாயமே. ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கில் இயங்கும் தமிழ் இளைஞர் இயக்கங்களும், ஆலய இளைஞர் குழுக்களும், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் பத்துத் தொகுதிகளை வாங்கி வைத்து, நூலகம் புத்தகம் தருவதுபோல இரவல் தர முன்வர வேண்டும். ஆண்டுவிழா மேடை அலங்காரத்துக்கு ஆகும் தொகையில் அது முடிந்துவிடும். அதோடு, தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர்கள் இப்போதும் சில அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். முதல் பயிற்சிக்கு அவர்களை அழைத்து, துணியை மடிப்பதையும் முடிச்சுப் போடுவதையும் அவர்கள் கையாலேயே பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள்.